நெய்வேலிக்காரர்கள் பார்க்க வேண்டிய ஐந்து அருங்காட்சியகங்கள், கட்ட வேண்டிய ஒன்று



லீவு விட்டால் நெய்வேலியில் இருந்து கிளம்பும் வேன்கள் எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஊட்டி, ஏற்காடு, கொடைக்கானல். ஒரே நாளில் திரும்ப வேண்டும் என்றால் பிச்சாவரம், இல்லாவிட்டால் பாண்டிச்சேரி பீச். இந்த நேரத்தில் "மியூசியம் போகலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த தடவை வேனில் உங்களுக்கு சீட் இருக்காது :-)

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. அந்தக் காலத்தில் சென்னைக்குப் போகும் ஜனங்கள் மிருகக்காட்சிசாலையை "உயிர் காலேஜ்" என்றும், எழும்பூர் மியூசியத்தை "செத்த காலேஜ்" என்றும் சொல்வார்கள். செத்த காலேஜுக்கு யார் ஆசையாகப் போவார்கள்?

என் கட்சி வேறு. நெய்வேலியைச் சுற்றி, காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பக்கூடிய தூரத்தில் ஐந்து இடங்கள் இருக்கின்றன. ஐந்துமே பிரமாண்டம் என்று பொய் சொல்ல மாட்டேன். சிலவற்றை அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். ஆனால் ஐந்தையும் பார்த்து முடித்தால், ஆறாவதாக ஒன்று நம்ம ஊரிலேயே வேண்டும் என்று உங்களுக்கே தோன்றும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சின்ன தகவல். அரசு அருங்காட்சியகங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. பல இடங்களில் அது வெள்ளிக்கிழமை, புதுச்சேரியில் திங்கள்கிழமை. விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

1. திருவக்கரை கல்மரப் பூங்கா

விழுப்புரம் மாவட்டம், புதுச்சேரியில் இருந்து சுமார் 30 கிலோமீட்டர். பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பெரும் கூட்டம் வருகிறது. அதில் எத்தனை பேர் பக்கத்தில் இருக்கும் கல்மரங்களைப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தேசியக் கல்மரப் பூங்கா இது. பெரிய பெரிய அடிமரங்கள் அப்படியே கல்லாகிக் கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். 1781லேயே சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்.

கிட்டே போய்ப் பார்த்தால் மரத்தின் வளையமும் நாரும்கூடத் தெரியும். ஆனால் கிளை இல்லை, வேர் இல்லை. இந்த மரங்கள் அங்கேயே வளர்ந்தவை இல்லை, வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து போட்டவை என்று புவியியலாளர்கள் சொல்வதற்கு அதுதான் காரணம். மண்ணுக்குள் புதைந்த மரத்துக்குள் நீரோடு சிலிக்கா புகுந்து, மரம் இருந்த இடத்தில் எல்லாம் கல் உட்கார்ந்துகொண்டது.

இதில் நெய்வேலிக்கு என்ன சம்பந்தம் என்கிறீர்களா? திருவக்கரை மரங்கள் கிடக்கும் பாறைக்குப் பெயரே கடலூர் மணற்பாறை. நம்ம ஊர் சிவப்பு மண்ணுக்கும், சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே தோண்டி எறியும் மண்ணுக்கும் அதே பெயர்தான். சதுப்பு நிலத்தில் காற்றுப் புகாமல் புதைந்த தாவரங்கள் இங்கே பழுப்பு நிலக்கரி ஆயின. சுருக்கமாகச் சொன்னால், அங்கே மரம் கல்லானது, இங்கே மரம் கரியானது. நெய்வேலிப் பிள்ளைகளை முதலில் இங்கேதான் அழைத்துப் போக வேண்டும் என்பேன்.

2. புதுச்சேரி அருங்காட்சியகம்

பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில்தான். பீச்சுக்குப் போகிறவர்கள் பத்து நிமிடம் நடந்தால் போதும். சோழர் காலச் செப்புத் திருமேனிகள், பிரெஞ்சுக்காரர்களின் மேஜை நாற்காலிகள், பல்லக்கு எல்லாம் இருக்கின்றன. ஆனால் நீங்கள் நின்று பார்க்க வேண்டியது அரிக்கமேட்டுப் பொருட்களை. ரோமாபுரியில் இருந்து மதுவும் எண்ணெயும் வந்த ஆம்போரா சாடிகளின் துண்டுகள், வழவழப்பான சிவப்பு மண்பாண்டச் சில்லுகள், கலர் கலராக மணிகள். 2000 வருஷத்துக்கு முன்னால் நம்ம கடற்கரையில் கப்பல் வணிகம் நடந்ததற்குக் கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி சாட்சி.

1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். அதன் பின் கசால் என்ற பிரெஞ்சுக்காரர் 1947 முதல் 1950 வரை தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் ஒரு குழு தோண்டியது. இன்று அரிக்கமேட்டுக்கே போனால் தோப்பும், ஆறும், பிற்காலத்துச் செங்கல் சுவரும்தான். தோண்டியதை எடுத்துப் பாதுகாத்து, பெயர் எழுதி வைத்ததால்தான் அரிக்கமேடு இன்றைக்கும் இருக்கிறது.

நேரம் இருந்தால் ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த ஊர் இது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த அவர் 1736ல் இருந்து 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, யாரோடு யாருக்குச் சண்டை, யார் வீட்டில் கல்யாணம்... எதையும் விடவில்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

3. கடலூர் அரசு அருங்காட்சியகம்

நம் மாவட்டத் தலைநகரில் இருக்கும் அருங்காட்சியகம், சின்னதுதான். ஆனால் கடலூரில் ஊரே ஒரு மியூசியம். 1690ல் ஆங்கிலேயர்கள் செஞ்சியில் இருந்த மராட்டியரிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒரு வேடிக்கையான அளவு. பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம் வரை! குண்டுக்குள் அகப்பட்ட ஊர்களின் நினைவு "குண்டு உப்பலவாடி" போன்ற பெயர்களில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1746ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது 1752 வரை ஆங்கிலேயருக்குத் தென்னிந்தியத் தலைமையிடம் இந்தக் கோட்டைதான். 1758ல் லாலியின் படை வந்து கோட்டையைத் தகர்த்தது. கடலூருக்கு பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருப்போம், கலெக்டர் ஆபீசில் மனுகூடக் கொடுத்திருப்போம். இதை நமக்கு யார் சொன்னார்கள்?

4. கங்கைகொண்டசோழபுரம்

நெய்வேலி வழியாகப் போகும் தஞ்சாவூர் ரோட்டிலேயே போய்க்கொண்டிருந்தால் வந்துவிடும். வடலூர், சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி தாண்டினால் கோயில் விமானம் தெரியும். கோயிலைப் பார்த்துவிட்டு உடனே பஸ் ஏறிவிடாதீர்கள். இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்து மாளிகைமேடு. ராஜேந்திர சோழன் அரண்மனை இருந்த இடம். செங்கல் அடித்தளமும், ஓடும், மண்பாண்டமும் அங்கே கிடைத்திருக்கின்றன.

சோழர்களுக்குச் சுமார் 250 வருஷம் தலைநகராக இருந்த ஊர். கடல் தாண்டிப் படை அனுப்பிய ஊர். அதன் அரண்மனை எங்கே போயிற்று? படையெடுப்பில் போனது பாதி. மிச்சத்தை ஜனங்களே செங்கல் செங்கல்லாகப் பெயர்த்து வீடு கட்டப் பயன்படுத்திக்கொண்டார்கள். கோயிலும் தப்பவில்லை. 1836ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கோயிலின் சுற்றுச்சுவர்க் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

கீழணை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டோம். அந்தத் தண்ணீர்தான் வீராணத்துக்கு வருகிறது, அதைக் குடித்துத்தான் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து நெல் விளைகிறது. ஆனால் நல்ல காரியத்துக்காக அழித்தாலும் அழித்தது அழித்ததுதான். எதை எடுத்தோம், எங்கிருந்து எடுத்தோம் என்று ஒரு கணக்காவது இருக்க வேண்டும். நெய்வேலிக்காரர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

5. தரங்கம்பாடி

சிதம்பரம், சீர்காழி வழியாகப் போக வேண்டும். இப்போது மயிலாடுதுறை மாவட்டம். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு 1620ல் டென்மார்க்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. உள்ளே மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். நாயக்கர் டென்மார்க் அரசனுக்குப் பொன் ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. 1845ல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

1706ல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு, அச்சகம் வைத்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். 1715ல் அது முடிந்தது. அவர் வாழ்ந்த வீட்டையும் பழுதுபார்த்து 2017ல் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். இத்தனை சின்ன ஊரில் கோட்டை, வீடு, தெரு, கல்லறை எல்லாவற்றையும் காப்பாற்ற முடிகிறது என்றால் பெரிய ஊர்களுக்கு என்ன வந்தது?

ஐந்து முடிந்தது. போகிற வழியில் வடலூரில் ஒரு நிமிடம் இறங்குங்கள். 1867ல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. கண்ணாடிப் பெட்டி இல்லை, டிக்கெட் இல்லை, பசித்தவனுக்குச் சோறு உண்டு. இதைவிட நல்ல காட்சிப்பொருள் எந்த நாட்டில் இருக்கிறது?

சரி, இப்போது ஆறாவதுக்கு வருவோம்.

கரி தோண்டிப் பிழைத்த வேறு ஊர்கள் என்ன செய்திருக்கின்றன?

போலந்து நாட்டில் சைலீசியா என்று ஒரு பகுதி. நம்மைப் போலவே கரியால் வளர்ந்த பகுதி. நம்முடையது திறந்தவெளிச் சுரங்கம், அவர்களுடையது பூமிக்குள் இறங்கும் சுரங்கம், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே ஸாப்ஷே என்ற ஊரில் 1855ல் தொடங்கிய கீடோ என்ற சுரங்கம் இன்று அருங்காட்சியகம். தொழிலாளர்கள் இறங்கிய அதே கூண்டில் 320 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிப் பார்க்கலாம். கட்டோவிட்செ நகரத்தில் மூடிய சுரங்கம் இருந்த இடத்திலேயே 2015ல் சைலீசிய அருங்காட்சியகத்தின் புதிய கட்டடத்தைத் திறந்தார்கள். கண்காட்சி பெரும்பாலும் மண்ணுக்கு அடியில். பழைய சுரங்கக் கோபுரத்தை இடிக்காமல் மேலே ஏறி ஊரைப் பார்க்கிற மாதிரி மாற்றியிருக்கிறார்கள்.

அதே ஊரில் வூயெக் என்று ஒரு சுரங்கம். 1981 டிசம்பர் 16 அன்று, ராணுவச் சட்டத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் 9 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்கும் அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. பெருமையை மட்டும் இல்லை, ரத்தத்தையும் காட்டுகிறார்கள்.

என்னை அதிகம் பாதித்தது போலந்து எல்லையை ஒட்டி ஜெர்மனியில் இருக்கும் ஒன்று. லவுசிட்ஸ் என்ற அந்தப் பகுதியில் தோண்டுவது நம்மைப் போலவே பழுப்பு நிலக்கரி, நம்மைப் போலவே திறந்தவெளிச் சுரங்கம். சுரங்கத்துக்காகக் காலி செய்யப்பட்ட ஊர்கள் நூற்றுக்கும் மேல். ஹோர்னோ என்ற ஊர் ஜனங்கள் பல வருஷம் போராடிப் பார்த்து, கடைசியில் வேறு இடத்துக்குக் குடியேறினார்கள். புதிய ஊரில் அவர்களுக்காக ஒரு காப்பகம் திறந்தார்கள். பெயர் என்ன தெரியுமா? "மறைந்துபோன ஊர்களின் காப்பகம்". போன ஒவ்வொரு ஊரின் பெயர், இருந்த இடம், படங்கள், அங்கே வாழ்ந்தவர்களின் கதை எல்லாம் இருக்கிறது. அந்த ஊர்களில் பல, சோர்பியர் என்ற சிறுபான்மை மொழிக்காரர்கள் வாழ்ந்தவை. அதனால் ஊரோடு போன மொழிக்கும் அங்கே இடம் உண்டு.

இப்போது நெய்வேலியை நினைத்துப் பாருங்கள்.

ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் 1935 வாக்கில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக வந்தது என்ற கதையை ஸ்கூலிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். 1956 நவம்பரில் நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் முதல் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962ல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தில் நிற்கவே முடியும் என்பதை எல்லாம் தாண்டித்தான் இதைச் சாதித்தார்கள். உண்மையிலேயே பெருமைப்பட வேண்டிய விஷயம். இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் இது கம்பெனியின் கதை. ஊரின் கதை இதில் பாதிதான்.

இந்தச் சுரங்கங்கள் இருக்கும் இடம் வெறும் காடாக இருக்கவில்லை. முந்திரித் தோப்பு, பலா, கேழ்வரகு, நெல், ஏரி, அய்யனார் கோயில், சுடுகாடு என்று ஊர்கள் இருந்தன. இன்று நாம் வட்டம் 5, வட்டம் 17 என்று நம்பர் சொல்லிப் பேசுகிறோம். நம்பருக்கு முன்னால் அந்த இடத்துக்கு என்ன பெயர்? பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்கிறோம். "பட்டு" என்று முடிவது ஒரு ஊர்ப் பெயர் என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? நெய்வேலி என்பதே முதலில் ஒரு கிராமத்தின் பெயர்தானே.

இது பழங்கதையும் இல்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நிற்கும்போதே நடுவில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கியதைத் தமிழ்நாடே டிவியில் பார்த்தது. நிலம் எடுப்பது சரியா தப்பா, இழப்பீடு போதுமா போதாதா என்று உங்களுக்கும் எனக்கும் வேறு வேறு கருத்து இருக்கலாம். அந்த விவாதம் நடக்கட்டும். ஆனால் ஒரு ஊர் போவதாக இருந்தால் அதன் பெயரும் வரைபடமும் படமும் போகக் கூடாது. இதில் எந்தக் கட்சிக்காரருக்கும் ஆட்சேபணை இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

நான் கேட்கும் அருங்காட்சியகத்தில் என்ன இருக்க வேண்டும்?

போன ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவர். பழைய கிராம வரைபடம், பட்டா நகல், வீட்டுக்கதவு, உரல், ஏர், கோயில் படங்கள். அங்கே பிறந்தவர்கள் பேசிய குரல் பதிவுகள். அடுத்து, வேலைக்கு வந்தவர்கள். தமிழ்நாட்டின் எல்லா மூலைகளில் இருந்தும், வெளி மாநிலங்களில் இருந்தும் வந்து குவார்ட்டர்ஸில் பக்கத்துப் பக்கத்தில் குடியேறியவர்கள். நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர் இரண்டு பேரின் கதையும். 2020ல் மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நடந்த கொதிகலன் விபத்துகளில் இறந்தவர்களின் பெயர்களும். 2020ல் ஓய்வு பெற்ற முதல் அனல்மின் நிலையத்தின் ஒரு டர்பைனாவது, ஒரு கண்ட்ரோல் பேனலாவது. அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிச்சம் கொடுத்ததை எடைக்குப் போட்டால் மிஞ்சுவது இரும்பு விலைதான்.

மண்ணுக்கும் ஒரு அறை வேண்டும். மேலே சிவப்பு மண்ணில் இருந்து கீழே நிலக்கரி வரை ஒவ்வொரு அடுக்கையும் ஒரே நேர்க்கோட்டில் காட்டினால் திருவக்கரைக்குப் போகாத பிள்ளைக்கும் 2 கோடி வருஷம் புரிந்துவிடும்.

"இதற்கெல்லாம் யார் வருவார்கள்?" என்று கேட்பீர்கள். 2023 மார்ச்சில் கீழடியில் அருங்காட்சியகம் திறந்தார்கள். அதற்கு முன் கீழடி எங்கே இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? இப்போது பள்ளிக்கூடப் பஸ்கள் அங்கே வரிசையில் நிற்கின்றன. நம்ம மாவட்டத்திலேயே மருங்கூரில் 2024ல் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. அங்கே கிடைப்பதையும் எங்கோ ஒரு குடோனில் பூட்டி வைக்காமல் பக்கத்திலேயே காட்டலாம். வருஷா வருஷம் புத்தகக் கண்காட்சிக்குத் திரண்டு வருகிற ஊர் இது. மியூசியத்துக்கு வர மாட்டோமா?

"பணம்?" கூடம் இருக்கிற ஊர்தான். காலியாகக் கிடக்கும் ஒரு பழைய கட்டடம் போதும் ஆரம்பிக்க. மாநில அரசும் நிறுவனமும் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம். ஒரே ஒரு நிபந்தனை, நிலம் கொடுத்த ஊர்களின் ஆட்களும் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது விளம்பரக் கூடமாகப் போய்விடும்.

பணத்தைவிடப் பெரிய பிரச்சினை நேரம். 1957ல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எண்பதை நெருங்குகிறது. அந்த ஊர்களில் எந்த மரத்தடியில் பஞ்சாயத்து நடந்தது, எந்தக் குளத்தில் நீச்சல் கற்றார்கள் என்று சொல்ல இன்னும் சில வருஷம்தான் ஆள் இருக்கும். பீரங்கிக் குண்டு விழுந்த இடத்தின் பெயர் 330 வருஷம் கழித்தும் நமக்குத் தெரிகிறது. எழுபது வருஷத்துக்கு முன்னால் இருந்த ஊரின் பெயர் தெரியாமல் போகலாமா?

கட்டடம் வருகிற வரை மாணவர்கள் நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆனந்தரங்கப் பிள்ளைக்கு எந்த அரசாங்கமும் மியூசியம் கட்டித் தரவில்லை, அவர் பாட்டுக்கு எழுதினார். நம் கையில் செல்போன் இருக்கிறது. உங்கள் தாத்தா, ஆயா யாராவது பழைய ஊரில் பிறந்தவர்களாக இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பேச விட்டுப் பதிவு செய்யுங்கள். ஊர்ப் பெயர், தெருப் பெயர், கோயில், கிணறு, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் கேளுங்கள். வீட்டில் பழைய போட்டோ இருந்தால் பின்பக்கம் பென்சிலால் இடமும் வருஷமும் எழுதி வையுங்கள்.

அப்புறம் லீவு விட்டதும் திருவக்கரைக்கு வேன் பிடியுங்கள். இந்தத் தடவை சீட் கிடைக்கும் என்று நம்புகிறேன் :-)